நூற்றெட்டுக்கு அடித்தவள்

இசக்கிச்செல்வியிடமிருந்து ஒரு பொருளை வாங்க வேண்டுமென்றால் அவளாகப் பார்த்துக் கொடுத்தால்தான் உண்டு. பிடுங்கிப் பார்த்தவர்கள் சேரன்மகாதேவிப் பக்கத்தில் இன்றும் சிலர் இருக்கிறார்கள். கேட்டால் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் வீட்டிலிருந்தபடி பீடி சுற்றினாள். சுற்றியதைக் கடைக்குக் கொண்டுபோனால் கடைக்காரர் தட்டில் கைவிட்டு அளைந்து ஒரு பிடியைக் கழிவு என்று ஒதுக்கிவைப்பார். கழிவுக்குக் கூலி இல்லை. சரி, கழிவைத் திருப்பித் தருவாரா என்றால் அதுவும் இல்லை. அது அவருடைய மேசைக்கு அடியில் இருக்கும் பெட்டிக்குப் போய், அங்கே நல்ல பீடியாகி, வேறு ஊருக்குப் பேருந்து ஏறிவிடும். வரிசையில் நிற்கும் அத்தனை பெண்களுக்கும் இது தெரியும். ஒருநாள் இசக்கிச்செல்வி, அவர் ஒதுக்கிய பீடியை எல்லாம் தன் பக்கம் இழுத்து, அவர் கண்ணெதிரே இரண்டு கையாலும் கசக்கித் தூளாக்கினாள்.

"கழிவுதான அண்ணாச்சி? கழிவாவே இருக்கட்டும்" என்றாள்.

மறுநாளிலிருந்து அவளுக்குச் சுற்றப் பீடி இலை கொடுக்க ஆளில்லை. அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டியாட்டி?"

"நான் எங்க வாய வச்சேன்? கையத்தான வச்சேன்" என்றாள் மகள்.

அப்படிப்பட்டவள் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் நாலு மாடி ஜவுளிக்கடை ஒன்றில் பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்க்கிறாள் என்றால் ஊரில் யாருக்கும் நம்பிக்கை வராது. கடையின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அவர்கள் செய்துகொள்ளும் விளம்பரமே போதும். முதலாளிக்குக் கோயம்புத்தூர். பல ஊர்களில் கிளை உண்டு. இசக்கிச்செல்வி காலையில் அம்பாசமுத்திரத்திலிருந்து வரும் பேருந்தைப் பிடித்து, ஜங்ஷனில் இறங்கி, அங்கிருந்து வேகவேகமாக நடந்து கடைக்குள் நுழைவாள். கடைச் சீருடைச் சேலையில் அவளைப் பார்த்தால் சாதுவாகத்தான் தெரியும்.

கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்க வேண்டும். வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது நிர்வாகம் மாடிக்கு இரண்டு முக்காலி வாங்கிப் போட்டது. போட்டதோடு சரி. அதில் உட்காரத் துணிந்தவர் யாருமில்லை. சுத்தமாகத் துடைத்து மட்டும் வைத்தார்கள். ஒரு மத்தியானம், வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, இசக்கிச்செல்வி போய் அதில் உட்கார்ந்தாள். மேனேஜர் வன்னியராஜ் வந்து பார்த்தார், தொண்டையைச் செருமினார், அவள் எழுந்திருக்கவில்லை. அவர் போய்விட்டார். மறுநாள் சாலோமி உட்கார்ந்தாள்.

சாலோமி பாளையங்கோட்டை சமாதானபுரத்துக்காரி. இசக்கிச்செல்வியைவிட மூத்தவள். நாலாம் மாடியில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து மேசை. சாலோமி பேச ஆரம்பித்தால் சேலை வாங்க வராதவளும் வாங்கிக்கொண்டு போவாள். "இந்தக் கலரு ஒனக்குன்னே நெய்ஞ்சிருக்கான் பாரு" என்று அவள் சொன்னால், அதே கலரைக் காலையிலிருந்து எத்தனை பேருக்குச் சொன்னாள் என்று தெரிந்தவளுக்குக்கூட மனசு இளகிவிடும். மத்தியானச் சோற்றில் சாலோமியின் மீன்குழம்பில் பாதி இசக்கிச்செல்விக்குத்தான். பேச்சில் முக்கால்வாசியும் அவளுக்குத்தான். அந்தக் கடையில் இசக்கிச்செல்வி இத்தனை வருடம் சண்டையில்லாமல் ஓட்டியதற்குக் காரணம் கேட்டால், அவள் சாலோமியைத்தான் கைகாட்டுவாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நாலாம் மாடி முதல் கீழ்த்தளம் வரை யாரும் வாய் திறந்ததில்லை. காலையில் உள்ளே வரும்போதே எல்லாரும் கைப்பேசியைக் கொடுத்துவிட வேண்டும். வாசலுக்கு உள்பக்கம் சின்னச் சின்ன அறைகள் வைத்த தகர அலமாரி ஒன்று இருந்தது. காவலாளி சங்கிலிபூதத்தான் ஒவ்வொரு போனாக வாங்கி அதில் அடுக்கிப் பூட்டுவார். விதி என்றால் விதி என்று அவருடைய போனும் அதற்குள்தான். சாவி மேனேஜரிடம் போய்விடும். இரவு கடை சாத்திய பிறகுதான் போன் கைக்கு வரும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் வீட்டில் ஆள் செத்தாலும் அதுவரை தெரியாது. இசக்கிச்செல்விக்கும் இது உறுத்தத்தான் செய்தது. ஆனால் மகள் சுகன்யா கல்லூரியில் சேர்ந்திருந்த சமயம். கணவர் செந்தில்முருகன் ஓட்டும் லோடு ஆட்டோவுக்கு ஒருநாள் சவாரி இருந்தால் மறுநாள் இருக்காது. அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு போனை நீட்டிவந்தாள். தன் வாழ்க்கையில் தான் செய்த ஒரே மடத்தனம் அது என்று இப்போது சொல்கிறாள். ஒரே மடத்தனம் என்பதைச் செந்தில்முருகன் ஒப்புக்கொள்ள மாட்டார், அது வேறு விஷயம்.

போன வருடம் மாடிக்கு மாடி ஒரு புதுத் தொலைபேசி வந்தது. தூணில் மாட்டிய, கறுப்பு நிற, அழகான கருவி. "இது பழைய கம்பி போன் கெடையாது, நெட்டு போன். நம்ம கிளை எல்லாம் இனி ஒரே வீடு. கோயம்புத்தூரா இருந்தாலும் மூணே நம்பர்" என்று மேனேஜர் பெருமையாகச் சொன்னார். விற்பனைப் பெண்களுக்குப் பில் போடும் இடத்தின் எண்ணும் கிடங்கின் எண்ணும் சொல்லிக்கொடுத்தார்கள். மற்ற எண்கள் மேனேஜர்மாருக்கு மட்டும். அந்த போனைப் பார்க்கும்போதெல்லாம் எல்லாருக்கும் மனசுக்குள் ஒரு தைரியம் இருந்தது. கைப்பேசியை வாங்கிவைத்தால் என்ன, அவசரத்துக்குத்தான் மாடிக்கு மாடி ஒன்று இருக்கிறதே என்று நினைத்தார்கள்.

ஆடித் தள்ளுபடிக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை. கடை இன்னும் திறக்கவில்லை. கீழ்த்தளத்தில் சாமி கும்பிடு நடந்துகொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் பாட்டு, சாம்பிராணிப் புகை, எல்லா ஊழியர்களும் வரிசையாக. சரக்கு அடுக்க வேண்டியிருந்ததால் இசக்கிச்செல்வியையும் சாலோமியையும் மட்டும் நாலாம் மாடிக்கு அனுப்பியிருந்தார்கள். சாமி கும்பிடும் நேரத்தில், பிந்தி வருகிறவர்கள் நைசாக நுழைந்துவிடக் கூடாது என்று மேனேஜர் வெளிக்கதவைப் பூட்டிவிடுவார். அன்று பூட்டிக்கொண்டு, சாவிக்கொத்தை இடுப்பில் செருகி, சாமி படத்துக்கு மாலை வாங்கப் போயிருந்தார். கைப்பேசி அலமாரியின் சாவியும் அதே கொத்தில்.

சாலோமி பூனம் சேலைக் கட்டு ஒன்றை ரேக்கிலிருந்து இழுத்தபடி தன் மருமகள் செய்த கருவாட்டுக் குழம்பைக் கழுவி ஊற்றிக்கொண்டிருந்தாள். நடுவில் வார்த்தை கொழகொழத்தது.

"என்னக்கா சொல்லுதிய?" என்று சிரித்துக்கொண்டே இசக்கிச்செல்வி திரும்பினாள். சாலோமியின் வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. வலது கை துணிபோலத் தொங்கியது. கட்டு கீழே விழுந்தது. கூடவே சாலோமியும் சரிந்தாள்.

மாமனாருக்குப் பக்கவாதம் வந்து இழுத்தபோது பக்கத்தில் இருந்தவள் இசக்கிச்செல்வி. என்னவென்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. சாலோமியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு ஒரு சேலைக் கட்டை அண்டை கொடுத்தாள். ஓடிப்போய்த் தூணிலிருந்த போனை எடுத்து ஒன்று, பூஜ்யம், எட்டு என்று அழுத்தினாள்.

மணி அடித்தது. பிறகு ஒரு பக்திப் பாட்டு வந்தது. பிறகு ஒரு பெண் குரல் பணிவாக வந்தது.

"வணக்கமுங்க. எந்தக் கிளைங்க?"

"ஆம்புலன்ஸாம்மா? திருநவேலி, வண்ணார்பேட்ட, ஜவுளிக்கடை நாலாம் மாடி. ஒரு அக்காவுக்கு வாய் கோணிட்டு, கை விழுந்துட்டு. சீக்கிரம் அனுப்பும்மா!"

"இது முதலாளி ரூமுங்க. முதலாளி பூஜையில இருக்காருங்க. இந்த நம்பருக்கு ஸ்டாஃப் யாரும் அடிக்கக் கூடாதுங்களே."

"நான் நூத்தியெட்டுக்குல்லா அடிச்சேன்?"

"ஆமாங்க. இதுதான் நூத்தியெட்டுங்க."

முதலாளி பக்திமான். நூற்றெட்டுப் போற்றி சொல்லாமல் காலையில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். கிளைகளுக்கெல்லாம் மூன்று இலக்க எண் பிரித்தபோது, மங்களமான எண் என்று நூற்றெட்டைத் தன் அறைக்கே வைத்துக்கொண்டார். ஊரில் உயிர் ஊசலாடும்போது எல்லாரும் அழுத்துகிற எண்ணும் அதுதானே என்று அவருக்கும் தோன்றவில்லை, சுற்றி நின்று தலையாட்டியவர்களுக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதெல்லாம் அப்போது இசக்கிச்செல்விக்குத் தெரியாது. "சாவக் கெடக்கா ஒரு பொம்பள! ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க!" என்று அவள் கத்தியபோது மறுமுனை துண்டித்துக்கொண்டது. மறுபடி அடித்தாள். அதே பாட்டு, அதே குரல், அதே துண்டிப்பு. நூற்றுப் பன்னிரண்டுக்கும் அவசரத்துக்கு அடிக்கலாம் என்று சுகன்யா எப்போதோ சொன்னது ஞாபகம் வந்து அதையும் அழுத்தினாள். அது அடித்துக்கொண்டே இருந்தது. ஈரோட்டுக் கிளையில், இன்னும் திறக்காத குழந்தைகள் உடுப்புப் பிரிவில் அது அடித்தது என்று பின்னால்தான் தெரிந்தது.

போனைத் தொங்கவிட்டுவிட்டு ஓடினாள். லிஃப்ட் கடை திறந்தால்தான் ஓடும். படிகளில் விழாமல் வந்தது அவள் புண்ணியம். கீழே பாட்டுச் சத்தத்தில் அவள் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. நேராக வாசலுக்குப் போனாள்.

"அண்ணாச்சி, கதவத் தெறங்க! சாலோமி அக்காவுக்கு இழுத்துட்டு!"

சங்கிலிபூதத்தான் வெறும் கையை விரித்தார். "சாவி மேனேஜர்ட்ட இருக்கு தாயி."

"ஒங்க போன எடுங்க!"

"அதுவும் உள்ளதான கெடக்கு."

ஷட்டரை இழுக்கும் கொக்கிக் கம்பி சுவரோரம் சாய்ந்திருந்தது. அவள் அதை எடுத்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "வேண்டாம் தாயி, வேல போயிரும்."

"போட்டும்."

அலமாரிக் கதவின் இடுக்கில் கொக்கியை விட்டு, மொத்த உடம்பையும் கொடுத்து நெம்பினாள். தகரம் கிழிகிற சத்தம் பாட்டையும் மீறிக் கேட்டது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் கண்ணைத் திறந்து திரும்பினார்கள். அவள் தன் போனைத் தேடி எடுத்து அடித்தாள். இந்த முறை பாட்டு வரவில்லை. எந்த இடம், பக்கத்தில் என்ன அடையாளம், மூச்சு இருக்கிறதா என்று ஒரு பெண் கேட்டாள். பதில் சொல்லச் சொல்ல இசக்கிச்செல்விக்கு அழுகை வந்துவிட்டது. கேட்க வேண்டியதைக் கேட்கிற ஒரு மனுஷியின் குரல் அப்போது அவளுக்குத் தாயின் குரலாக இருந்தது.

முஃபீதா என்ற இளம்பெண்ணும் இன்னும் நாலைந்து பேரும் மேலே ஓடினார்கள். அந்த நேரத்தில் வெளிக்கதவு திறந்தது. ஒரு கையில் மாலையும் இன்னொரு கையில் சாவிக்கொத்துமாக மேனேஜர் முகம் சிவந்து நின்றார்.

"எவ அடிச்சது நூத்தியெட்டுக்கு?"

சாலோமிக்காக அவர் ஓடிவரவில்லை. உங்கள் கிளையிலிருந்து யாரோ முதலாளி எண்ணுக்கு அடித்துத் தொந்தரவு செய்கிறார்கள் என்று தலைமை அலுவலகம் அவருடைய கைப்பேசிக்குச் சொல்லியிருந்தது. வண்ணார்பேட்டையிலிருந்து கோயம்புத்தூருக்குப் போய், அங்கிருந்து வண்ணார்பேட்டைப் பூக்கடைக்கே திரும்பி வந்த சேதியில், சாலோமி வழியிலேயே விடுபட்டுப் போயிருந்தாள்.

"நான்தான் அடிச்சேன். லிஃப்டப் போடுங்க, ஆம்புலன்ஸ் வருது" என்றாள் இசக்கிச்செல்வி. கம்பியை அவள் இன்னும் கீழே வைக்கவில்லை. மேனேஜர் லிஃப்டைப் போட்டார்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசுப் பெரியாஸ்பத்திரியில் சாலோமியின் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். வலது கை திரும்பவில்லை. பேச்சு சில சொற்களாகச் சுருங்கிப்போனது. பயிற்சி எடுத்தால் கொஞ்சம் கொஞ்சமாக வரும் என்றார் மருத்துவர். "இந்த மாதிரி நோய்க்கு ஒவ்வொரு நிமிஷமும் கணக்குதாம்மா. இன்னும் முன்னால வந்திருந்தா எவ்வளவு மிஞ்சியிருக்கும்னு இப்ப சொல்ல முடியாது" என்று அவர் பொதுவாகத்தான் சொன்னார். அந்த நிமிஷங்களை யார் தின்றது என்று இசக்கிச்செல்விக்குத் தெரியும். அன்று பேருந்தில் ஊர் வரும்வரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அழுது முடித்தபோது மிஞ்சியது ஆத்திரம் மட்டும்தான்.

விசாரணை என்று அவளை மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். அந்த போன்களை மாட்டிக்கொடுத்த மேலப்பாளையத்து ஹபீப் முகம்மதையும் வரவழைத்திருந்தார்கள். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று அவன் வாயால் சொல்ல வைக்க வேண்டும் என்பது மேனேஜரின் திட்டம். ஹபீபுக்குப் பொய் வரவில்லை.

"அக்கா, இது நெட்டுல ஓடுத போனு. மூணு நம்பர் அமுக்கினா கம்பெனிக்குள்ளயேதான் சுத்தும். வெளிய போவ மொத ஒரு சைபர் போடணும். மாடி போனுக்கு அந்த வழியவே அடைக்கச் சொல்லிட்டாவ."

"தெறந்து வுட்டிருந்தா?" என்று கேட்டாள் இசக்கிச்செல்வி.

"அப்பவும் கோயம்புத்தூரு லைன் வழியாத்தான் வெளிய போவும். கூப்பிட்ட எடம்னு ஆம்புலன்ஸ்காரவுகளுக்குக் காட்டுதது கோயம்புத்தூரு விலாசமாத்தான் இருக்கும். நீங்க வாயால எடத்தச் சொன்னாத்தான் வண்டி இங்கன வரும்."

"வாய் இழுத்தவளே தனியாக் கெடந்து அடிச்சிருந்தா?"

ஹபீப் தலையைக் குனிந்துகொண்டான். "வண்டி அங்கன போயித் தேடும்க்கா."

"கரண்டு போயிட்டா? நெட்டு போயிட்டா?"

"போனும் போயிரும். மாட்டும்போதே சொன்னேன், மாடிக்கு ஒரு சாதா போனும் வைங்கன்னு."

மேனேஜர் விசாரணையின் முடிவைச் சொன்னார். அலமாரியை உடைத்ததற்கும் முதலாளியைத் தொந்தரவு செய்ததற்கும் அவள் முதலாளியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். புது அலமாரி வருகிறது. நாளையிலிருந்து வழக்கம்போலப் போனைக் கொடுத்துவிட வேண்டும்.

"மன்னிப்புக்கும் நூத்தியெட்டுக்குத்தான் அடிக்கணுமோ?" என்று கேட்டுவிட்டு அவள் எழுந்து வந்தாள்.

மறுநாள் காலை வாசலில் மேனேஜரே நின்றார். கையை நீட்டினார். "போனு."

"தர மாட்டேன்."

"அப்போ உள்ள போவ முடியாது."

"போவல. எதுத்தாப்புல நிக்கேன்."

நின்றாள். சாலைக்கு அந்தப் பக்கம், பழச்சாறுக் கடைக்குப் பக்கத்தில், கடையின் சீருடைச் சேலையிலேயே நின்றாள். அந்தச் சேலைதான் மேனேஜரை வதைத்தது. ஆடிக் கூட்டம் முழுக்க அவளைக் கடந்துதான் கடைக்குள் போக வேண்டியிருந்தது. பழகிய வாடிக்கையாளர்கள், "என்னம்மா வெளிய நிக்க? சாலோமி எங்க?" என்று கேட்டார்கள். அவள் சொன்னாள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னாள். "இதுதான் நூத்தியெட்டுங்க" என்ற இடத்தை அந்தக் கோயம்புத்தூர்க் குரலிலேயே சொன்னாள். கேட்டவர்களில் பாதிப் பேர் உள்ளே போய் மேனேஜரிடம், "அந்த அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று விசாரித்தார்கள்.

பகலில் இப்படி. சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய், அன்று நடந்ததைச் சாலோமிக்கும் சொல்லிவிட்டு வருவாள். வீட்டுக்குப் போனால் பயம் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். வேலை போனால் சுகன்யாவின் படிப்பு என்னாகும்? செந்தில்முருகன் சண்டை போடத் தெரியாத மனுஷன். சோற்றைப் பிசைந்துகொண்டே பைய ஆரம்பித்தார்.

"போனக் குடுத்துட்டு உள்ள போயேன். ஒலகமே குடுக்கு. நீ மட்டும் எதுக்கு மல்லுக்கு நிக்க?"

"நாளைக்கு எனக்கு இழுத்து நாலாம் மாடில கெடந்தா, நீங்க எங்கன நிப்பிய?"

மறுநாள் மத்தியானம் லோடு ஆட்டோ ஒன்று பழச்சாறுக் கடையோரம் வந்து நின்றது. செந்தில்முருகன் இறங்கி ஒரு குடையையும் சோற்றுத் தூக்கையும் அவள் கையில் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். அதற்கப்புறம் அவளுக்கு அவ்வளவு பயம் இல்லை.

தள்ளுபடி விற்பனை எப்படிப் போகிறது என்று பார்க்க முதலாளி வந்தார். காரிலிருந்து இறங்கியவர், தன் கடைச் சீருடை தெருவில் குடைபிடித்து நிற்பதைப் பார்த்தார். உள்ளே போய் விசாரித்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் சங்கிலிபூதத்தான் சாலையைத் தாண்டி வந்தார். "ஒன்னக் கூப்பிடுதாவ தாயி. நாலாம் மாடிக்கு. போனக் கொண்டுபோ, நான் கேக்க மாட்டேன்."

முதலாளி நெற்றி நிறையத் திருநீறும் முகம் நிறையச் சாந்தமுமாக இருந்தார். கோபக்காரராக இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஏம்மா வெயில்ல நிக்கறே? நடந்தது எனக்கும் வருத்தந்தான். ஆனா கம்பெனின்னா விதின்னு ஒண்ணு இருக்குதில்ல?"

"இருக்கு மொதலாளி. ஒரே ஒரு உதவி. இந்த போனுல நூத்தியெட்டு அடிங்க."

அவர் சிரித்தபடி அடித்தார். அவருடைய அறையில் போன் எடுக்கும் பெண்ணை அன்று விற்பனை வேலைக்காகக் கையோடு கூட்டி வந்திருந்தார். கோயம்புத்தூரில் பூட்டிய அறையில் மணி அடித்தது.

"பாட்டு வருதா?"

"வருது."

"வச்சிராதிய. யாராச்சும் எடுக்கட்டும்."

சொல்லிவிட்டு இசக்கிச்செல்வி, சாலோமி விழுந்த அதே இடத்தில், ரேக்குக்குக் கீழே, தரையில் படுத்தாள். ஒருக்களித்து, வலது கையைத் துவளவிட்டுப் படுத்தாள்.

"அக்கா இங்கனதான் கெடந்தா. நீங்க பேசி முடிங்க. நான் கெடக்கேன்."

சேலை மடித்துக்கொண்டிருந்த பெண்கள் மடிப்பதை நிறுத்தினார்கள். வாங்க வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மேனேஜர், "ஏட்டி, எந்திரி, என்ன கூத்து இது" என்று பதறினார். முதலாளி கையைக் காட்டி அவரை அடக்கினார். போனை அவர் காதிலிருந்து எடுக்கவில்லை. வைக்கவும் முடியவில்லை, காலடியில் கிடப்பவளைப் பார்க்கவும் முடியவில்லை. பாட்டு முடிந்து மறுபடி ஆரம்பித்தபோது அவருடைய நெற்றியில் வியர்த்துத் திருநீறு கரைந்தது. கடைசியில் போனை வைத்தார்.

"யாரும் எடுக்கலம்மா" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"அவ்வளவுதான் மொதலாளி" என்று அவள் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள்.

"என் நம்பரை இன்னிக்கே மாத்திப்போடறேன்."

"மாத்துங்க. ஆனா அது போதாது. மாத்தினாலும் கரண்டு இல்லேன்னா அது செத்த போனு. கரண்டு இருந்தாலும் அது சொல்லுத விலாசம் ஒங்க விலாசம்."

"சரி, மாடிக்கு ஒரு செல்போன் வாங்கி வச்சரலாம். பத்திரமா, ஒரு பெட்டியில."

"அந்தப் பெட்டிக்குச் சாவி யார்ட்ட இருக்கும்?"

முதலாளி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜரின் கை தானாக இடுப்பிலிருந்த கொத்துக்குப் போனது. முஃபீதா முதலில் சிரித்தாள். பிறகு அந்த மாடியே சிரித்தது.

"அப்புறம் என்னதான்மா கேக்கறே?"

"எங்க போனு எங்க இடுப்புல இருக்கணும். வேல நேரத்துல பேச மாட்டோம். ஆனா இடுப்புல இருக்கணும்."

"எல்லாக் கிளைக்கும் ஒரே விதிம்மா. இங்க மட்டும் மாத்த முடியாது."

"எல்லாக் கிளைலயும் பொம்பளைங்கதான மொதலாளி நிக்காவ? எல்லாத்துக்கும் மாத்துங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று அவர் இறங்கிப் போனார். கார் கிளம்பியது. அன்று சாயங்காலம் வரை ஒரு தகவலும் வரவில்லை.

மறுநாள் காலை இசக்கிச்செல்வி பழச்சாறுக் கடைப் பக்கம் போகவில்லை. போனை இடுப்பில் செருகிக்கொண்டு நேராகக் கடை வாசலுக்கு வந்தாள். புது அலமாரி பளபளவென்று நின்றது. அதற்குப் பக்கத்தில் மேனேஜர்.

"மொதலாளி யோசிச்சுச் சொல்லுதேன்னுதான சொன்னாவ? இன்னும் ஒண்ணும் சொல்லலியே" என்றார் அவர்.

"அவுக பைய யோசிக்கட்டும். எனக்கு வேல கெடக்கு" என்று அவரைச் சுற்றிக்கொண்டு படியேறினாள். யாரும் அவள் கையைப் பிடித்து இழுக்கவில்லை. சங்கிலிபூதத்தான் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் வந்த முஃபீதா ஒரு கணம் தயங்கினாள். அலமாரியைப் பார்த்தாள், மேனேஜரைப் பார்த்தாள், பிறகு அவளும் ஏறினாள். அவளுக்குப் பின்னால் வந்தவள் கொடுத்துவிட்டுத்தான் வந்தாள், அதற்கடுத்தவள் கொடுக்கவில்லை.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால், இசக்கிச்செல்வி ஒரு கல்யாண வீட்டாருக்குச் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, அவள் இடுப்பில் போன் அடித்தது. அந்த மாடியில் வேலை பார்க்கிற பெண் ஒருத்தியின் போன் அதுவரை அடித்ததில்லை. மேனேஜர் சட்டென்று திரும்பினார். மாடி முழுக்க அவளையே பார்த்தது. அவள் திரையைப் பார்த்தாள். வாங்க வந்தவர்களிடம், "ஒரு நிமிஷம்மா, ஆஸ்பத்திரியில இருந்து" என்று சொல்லிவிட்டுப் போனைக் காதில் வைத்தாள்.

மறுமுனையில் வெறும் மூச்சுதான் முதலில் வந்தது. பிறகு ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி எடுத்து, சாலோமி கேட்டாள்.

"ஒன்ன... உள்ள... விட்டாவளா?"

இசக்கிச்செல்வி மேனேஜரை நேராகப் பார்த்துக்கொண்டே, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"விடலக்கா. நானாத்தான் வந்துட்டேன்."